ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டிப் பாருங்கள்

பல வருடங்களுக்கு முன் ஒரு சர்ச் கொயருக்கு வாசிக்கப் போனேன். அங்கே பேஸ் ஆம்ப் இல்லை. லீட் கிட்டார்காரரின் ஆம்ப்பில் என் பேஸைச் செருகினேன். இரண்டாவது பாட்டிலேயே ஸ்பீக்கர் கரகரத்தது. நான்காவது பாட்டில் காகிதக் கூம்பு விளிம்போடு கிழிந்தது. புது ஸ்பீக்கர் போட்ட செலவு என் தலையில் விழுந்தது. அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தால் எனக்கே ஒரு பழைய பேஸ் ஆம்ப் கிடைத்திருக்கும்.

பேஸின் அடி ஸ்ட்ரிங்கான ஈ, விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. கிட்டாரின் அடி ஈ அதைப்போல் இரண்டு மடங்கு. ஸ்வரம் கீழே இறங்க இறங்க, ஸ்பீக்கர் அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். கூம்பு அதிகத் தூரம் போய்வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கருக்கு அந்தத் தெம்பு கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ஃபெண்டர் 1952இல் பேஸுக்கென்றே செய்த பாஸ்மேன் ஆம்ப்பைக் கிட்டார்காரர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான முதல் ஆம்ப்பே அதைப் பார்த்துச் செய்ததுதான். பேஸ்காரர்களுக்கு 1969இல் ஆம்பெக் எஸ்விடி வந்தது. 300 வாட்ஸ், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டி. தூக்க ஆள் வைக்க வேண்டும்!

நமக்கு அது வேண்டாம். நடுத்தர பட்ஜெட்டில் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ போதும். கடையில் முதலில் வாட்ஸ் கணக்குத்தான் சொல்வார்கள். 50 வாட்ஸ் 100 ஆனால் சத்தம் இரட்டிப்பாகிவிடாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆகவே ஸ்பீக்கரின் அளவை முதலில் கேளுங்கள். ஃபெண்டர் ரம்பிள் வரிசையையே எடுத்துக்கொள்வோம்: 25 வாட்ஸில் எட்டு அங்குலம், 40இல் பத்து, 100இல் பன்னிரண்டு. எட்டு அங்குலம் படுக்கையறைக்கு. டிரம்மர் ஓங்கி அடிக்கும் ரிகர்சலில் 40 திணறும், 100 தாங்கும். அதன் எடையும் பத்து கிலோ அளவுதான், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

மேடைக்கு வந்தால் கணக்கே வேறு. ஆம்ப்பின் பின்னால் இருக்கும் லைன் அவுட்டிலிருந்து மைக் செட்காரர் மிக்ஸருக்கு ஒயர் இழுத்துவிடுவார். ஜனங்கள் கேட்பது அவருடைய பெட்டிகளை. உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்மருக்கும் மட்டும். அதனால் மேடைக் கச்சேரி வாசிப்பவர் லைன் அவுட் இல்லாத ஆம்ப்பை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், தொட வேண்டாம்.

கடையில் ஆம்ப் பெரும்பாலும் மூலையில், தரையில் இருக்கும். சுவரும் தரையும் சேர்ந்து பேஸை ஊதிக்காட்டும். வெளியே இழுத்து வைக்கச் சொல்லுங்கள். எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்து, வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி, ஈ ஸ்ட்ரிங்கைத் தட்டுங்கள். முன்வலை சலசலத்தால் வேண்டாம். பிறகு இளையராஜா பாட்டு ஒன்றின் பேஸ் லைனை வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வெறும் ‘டும் டும்’ என்றால் அடுத்த ஆம்ப்புக்குப் போங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் ஒவ்வொரு குமிழையும் திருகி, கரகரப்பு வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடை பேஸில் வாசித்துப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சோம்பல் படாமல் உங்கள் பேஸையே எடுத்துப்போங்கள்.