சமைத்த காளானும் சாட்சி சொல்லும்

காளான் உண்டபின் வாந்தியோடு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பவை இரண்டு: எப்போது உண்டீர்கள்? மீதி இருக்கிறதா? இரண்டாவதற்கு, "கொட்டிவிட்டோம்" என்பதே வழக்கமான விடை.

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், 2011ஆம் ஆண்டின் கடைசி இரவு விருந்தில் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் நச்சுக் காளானை உண்டவர்களுள் இருவர் இறந்தனர். அங்கு ஓக் மரங்களின் அடியில் முளைக்கும் இக்காளான், நாம் உண்ணும் வைக்கோல் காளானைப் பெரிதும் ஒத்தது. மொட்டுப் பருவத்தில் பழகிய கண்ணும் ஏமாறும். முதிர்ந்தால் வித்துத்தூளின் நிறம் காட்டிக்கொடுக்கும்: நச்சுக் காளானுக்கு வெண்மை, வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. குழம்பில் வெந்த துண்டிலோ அந்த அடையாளமும் மிஞ்சாது.

மிஞ்சுவது டி.என்.ஏ. வெப்பத்தில் சிதைந்தாலும் அதன் துணுக்குகள் எஞ்சும். அவற்றுள் ஐ.டி.எஸ். என்னும் பகுதியைப் பெருக்கி, அறிந்த இனங்களின் வரிசையோடு ஒப்பிடுவர். காளான்களின் பொது அடையாளமாக இப்பகுதி 2012இல் முன்மொழியப்பட்டது; மிக நெருங்கிய சில இனங்களை இதுவும் பிரித்துக் காட்டாது.

முடிவு வர நாட்கள் ஆகலாம். சிகிச்சை அதற்காகக் காத்திராது. சமைத்தாலும் அழியாத இந்நஞ்சு, பெரும்பாலும் 6 மணி நேரத்திற்குப் பின்னரே அறிகுறி காட்டும். வாந்தியும் பேதியும் வந்து தணியும். குடும்பத்தார் வீடு திரும்ப விரும்புவது அப்போதுதான். கல்லீரல் சிதைவதும் அந்த அமைதியில்தான். அவ்வேளையில் நாங்கள் அனுப்ப மறுத்தால் பொறுத்தருள்க.

பச்சைக் காளானை அடித்தண்டோடு காகிதத்தில் பொதிந்தும், சமைத்ததைச் சுத்தமான டப்பாவிலிட்டும் கொண்டுவாருங்கள். உடன் உண்டோர், நலமாயிருப்பினும், அனைவரும் வரவேண்டும்.