அப்புறம் பார்த்துக்கலாம்! – கணினிக்குள் ஒரு சுறுசுறுப்பான சோம்பேறி

"அப்புறம் செய்றேம்மா" என்று சொல்லி எத்தனை தடவை திட்டு வாங்கியிருப்பீர்கள்? கணினியும் நாள் முழுக்க இதையேதான் சொல்கிறது. ஆனால் அதை யாரும் திட்டுவதில்லை. ஏன் தெரியுமா? 'அப்புறம்' என்று தள்ளி வைத்த வேலையை அது மறப்பதே இல்லை!

கவுஞ்சியில் மழை வந்தால்...

கொடைக்கானலில் இருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டிப் போனால் கவுஞ்சி வரும். பூண்டு விளையும் மலை கிராமம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பூண்டு வடுகபட்டி சந்தை வரைக்கும் போகிறது.

நீங்கள் அங்கே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கிய பூண்டு வெயிலில் காய்கிறது. திடீரென்று மேகம் இறங்கி, தூறல் விழுகிறது. என்ன செய்வீர்கள்? பெரிசு, சிறிசு என்று பிரிக்க வேண்டும். தாளோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டித் தொங்கவிட்டுப் புகை போட வேண்டும். இதையெல்லாம் மழையில் நின்றுகொண்டா செய்வீர்கள்? அள்ளி வீட்டுக்குள் போடுவதுதான் இப்போதைய வேலை. மற்றதெல்லாம் மழை விட்ட பிறகுதான்!

இதே புத்திசாலித்தனம்தான் கணினிக்குள்ளும் இருக்கிறது.

பருப்பு செய்யும் வேலை

கணினியை நடத்தும் இயங்குதளத்தின் நடுவில் 'கெர்னல்' என்ற பகுதி உண்டு. கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ், ஒரு கெர்னல்தான். ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருப்பது அதுதான். சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்திலும் அதுவே இருக்கிறது.

நீங்கள் ஒரு விசையைத் தட்டினால் பிராசஸருக்கு ஒரு மணி அடிக்கும். இணையத்தில் இருந்து தகவல் வந்தாலும் அடிக்கும். இந்த மணிக்கு 'இன்டரப்ட்' என்று பெயர். உடனே கெர்னல், செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வரும்.

வந்த தகவலைப் பிரித்து, சரிபார்த்து, உரிய இடத்தில் சேர்க்கும்வரை அங்கேயே நின்றால் என்ன ஆகும்? அதற்குள் அடுத்த தகவல் வந்துவிடும். இணைய அட்டையில் இடம் கொஞ்சம்தான். இடம் நிரம்பிவிட்டால் புதிதாக வருவது தொலைந்தே போகும், நனைந்து வீணாகும் பூண்டு மாதிரி!

அதனால் கெர்னல் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. மேல்பாதி: "வாங்கி வை, குறித்து வை, கிளம்பு." கீழ்ப்பாதி: "மீதியை அப்புறம் நிதானமாகச் செய்."

இரண்டு வரிசை

தள்ளி வைத்த வேலைகளுக்கு லினக்ஸில் தனித்தனி வரிசைகள் உண்டு. மிக அவசரமானவை 'சாஃப்ட் ஐ.ஆர்.க்யூ.' வரிசையில் நிற்கும். இதில் 10 வகைகள் இருக்கின்றன. இந்த வேலைகள் நடுவில் நின்று எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. காத்திருக்க வேண்டிய வேலைகள் 'வொர்க் கியூ' வரிசைக்குப் போகும். இது 2002-இல் லினக்ஸில் சேர்ந்தது. இந்த வேலைகளைச் செய்ய கெர்னலுக்குள்ளேயே பணியாளர்கள் இருக்கிறார்கள்!

இப்படித் தள்ளி வைத்த வேலைகளே மலைபோல் குவிந்தால், நீங்கள் விளையாடும் விளையாட்டு நின்றுவிடாதா? அதற்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாஃப்ட் ஐ.ஆர்.க்யூ. வேலைகள் ஏறத்தாழ 2 மில்லி விநாடிக்கு மேல் இழுத்தால், "போதும், மற்றவர்களுக்கும் வழி விடு" என்று மீதியைத் தனிப் பணியாளரிடம் கொடுத்துவிடும். ஒரு விநாடியை 1,000 துண்டாக்கினால், அதில் 2 துண்டுதான் 2 மில்லி விநாடி!

நிலவில் அடித்த அபாய மணி

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கணினி '1202' என்று எச்சரித்தது. "வேலை அளவுக்கு மீறிவிட்டது" என்று அர்த்தம். அந்த நேரத்தில் தேவைப்படாத ஒரு ரேடார், கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்ததுதான் காரணம்.

கணினி நின்றிருந்தால் இறங்கும் முயற்சியையே கைவிட வேண்டியிருக்கும். ஆனால் ஹால்கோம்ப் லேனிங் வடிவமைத்த முறைப்படி, ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை கொடுக்கப்பட்டிருந்தது. மார்கரெட் ஹாமில்டன் தலைமையிலான குழு அதற்கு மென்பொருள் எழுதியிருந்தது. கணினி சட்டென்று தன்னை மறுபடி தொடங்கியது. முக்கியமில்லாத வேலைகளை உதறியது. விண்கலத்தை வழிநடத்தும் வேலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. இருவரும் பத்திரமாக இறங்கினார்கள்!

பென் டிரைவைப் பிடுங்காதீர்கள்!

இதில் உங்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. லினக்ஸ் கணினியில் உங்கள் புராஜெக்டைப் பென் டிரைவுக்கு மாற்றுகிறீர்கள். 'முடிந்தது' என்று திரையில் வருகிறது. உடனே பிடுங்கலாமா? கூடாது!

பென் டிரைவில் எழுதுவது மெதுவான வேலை. அதனால் கெர்னல் தகவலை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "அப்புறம் எழுதலாம்" என்று குறித்துக்கொள்ளும். வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை ஒரு பணியாளர் எழுந்து வந்து பார்ப்பார். 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் தகவலை எழுதத் தொடங்குவார். அதற்குள் நீங்கள் பிடுங்கினாலோ, கரண்ட் போனாலோ, புராஜெக்ட் பாதியில் நின்றுவிடும்.

'வெளியேற்று' என்பதை அழுத்தினால், "தள்ளி வைத்ததை எல்லாம் இப்போதே முடி" என்று கெர்னலுக்கு உத்தரவு போகும். 'எடுக்கலாம்' என்று பதில் வந்த பிறகு எடுங்கள்.

அடுத்த தடவை அம்மாவிடம் "அப்புறம் செய்றேன்" என்று சொல்லும்போது, அந்த வேலையை ஒரு தாளில் குறித்தும் வையுங்கள். கெர்னல் அப்படித்தான் நல்ல பெயர் வாங்குகிறது!