பிச்சாவரம்: கன்று நட்டால் மட்டும் அலையாத்திக் காடு வந்துவிடுமா?

பிச்சாவரம் போய்வந்த எல்லோருடைய போனிலும் கிட்டத்தட்ட ஒரே போட்டோதான் இருக்கும். குறுகலான வாய்க்கால், இரு பக்கமும் சுரபுன்னை வேர்கள், நடுவில் துடுப்புப் படகு. படத்தில் பாதி இடத்தைப் பிடித்திருக்கும் தண்ணீரை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால், இந்தக் காடு செத்ததும் பிழைத்ததும் அந்தத் தண்ணீரால்தான்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே, சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிறது பிச்சாவரம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. (சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லையும் இங்குள்ள ஒரு மரத்தின் பெயர்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளையை ஒடித்துப் பார்க்க வேண்டாம்!)

ஒரு சொட்டுக்குள் என்ன இருக்கிறது?

அந்த வாய்க்காலில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், முதலில் கண்ணில் படுவது டயாட்டம். ஒற்றைச் செல் பாசி. பலவற்றின் அகலம் ஒரு தலைமுடியின் அளவுகூட இருக்காது. ஆனால் அதன் ஓடு சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடி மாதிரி. டப்பாவும் மூடியும் போல இரண்டு பாதிகள், மேலே வரிசை வரிசையாக நுண்ணிய துளைகள். வட்டம், ஊசி, முக்கோணம், படகு என ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வடிவம். செல் இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டு, அதற்குள் பொருந்துகிற மாதிரி இன்னொரு பாதியைச் செய்துகொள்ளும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை பல டயாட்டங்கள் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பாலினப் பெருக்கம் நடந்து, பழைய அளவு திரும்ப வரும்.

பக்கத்திலேயே கோபிபாட்கள் துள்ளும். ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஓட்டுடலி, கண்ணாடி உடம்பு, நெற்றியில் ஒரே ஒரு கண். நண்டின் குஞ்சும் இருக்கும். பெரிய கண்களும் முதுகில் நீண்ட முள்ளுமாக இருக்கும் அதை நண்டு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வெள்ளை இறாலின் குஞ்சுகளும் இப்படித்தான். தாய் இறால் கடலில் முட்டையிடும். பல உருவம் மாறிய பிறகு குஞ்சுகள் ஓதத்தோடு சேர்ந்து உப்பங்கழிக்குள் வரும்.

அவை எல்லாம் எதைத் தின்கின்றன? டயாட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மரத்திலிருந்து விழும் இலை. புதிதாக விழுந்த இலையில் சத்து குறைவு, துவர்ப்பு அதிகம். பாக்டீரியாவும் பூஞ்சையும் அதில் குடியேறி ஊறவைத்த பிறகுதான் அது நண்டு, இறால், மடவை மீன்களுக்கு உணவாகிறது. தட்டில் வரும் இறால் வறுவலின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

காடு ஏன் செத்தது?

பிரிட்டிஷ் காலத்திலிருந்து பல பத்தாண்டுகள், விறகுக்கும் மரத்துக்குமாக இங்கே பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெறும் சேற்றில் நேரடியாக வெயில் விழுந்தது. மண் காய்ந்து சுருங்கி, தாம்பாளம் போலக் குழிந்தது. உள்ளே வந்த ஓதத் தண்ணீர் வெளியேற வழியில்லை. தேங்கியது, ஆவியானது, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. உப்பைத் தாங்குவதற்கென்றே பிறந்த மரங்களுக்கும் ஓர் அளவு உண்டு இல்லையா? அதன்பின் தானாக எதுவும் முளைக்கவில்லை.

நீண்ட காலம், ஆடு மாடு மேய்த்த, விறகு எடுத்த உள்ளூர் மக்கள் மீதுதான் பழி விழுந்தது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்தபோதுதான், முக்கியக் காரணம் அந்த மொட்டை வெட்டு என்று தெரிந்தது.

தீர்வு ரொம்ப எளிமையானது. வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் பெரிய வாய்க்கால், அதிலிருந்து சாய்வாகச் சின்னக் கிளைகள். ஓதம் உள்ளே வந்தது, திரும்பிப் போனது, உப்பு இறங்கியது. பிறகுதான் கரைகளில் கன்று வைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் கரையில் நடந்து, 2005-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, மரங்கள் மறைத்து நின்ற இடங்களில் சேதம் குறைவு என்றது.

இன்று அலையாத்தி என்றாலே கன்று நடும் விழாதான். எத்தனை ஆயிரம் கன்று என்பதுதான் தலைப்புச் செய்தி. அங்கே தண்ணீர் ஏறி இறங்குகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. வெட்டிய வாய்க்காலும் வண்டல் படிந்து மூடிக்கொள்ளும், அடிக்கடி தூர்வார வேண்டும். கேமரா வராத வேலை அது.

அடுத்த முறை பிச்சாவரம் போனால், தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் சேற்றுக் கரையைப் பாருங்கள். பொன்பழுப்பாக ஒரு மெல்லிய படலம் தெரியும். அழுக்கு இல்லை, டயாட்டம். வெயில் காய மேலே வந்திருக்கும். ஓதம் ஏறுவதற்குள் மறுபடி சேற்றுக்குள் இறங்கிவிடும்.