ஜிக்சா புதிர் மறதியைத் தடுக்குமா? ஆய்வு கூறுவதும் தொடங்கும் முறையும்

புதுதில்லி: சிதறிக் கிடக்கும் அட்டைத் துண்டுகளைப் பொருத்தி முழுப் படத்தை உருவாக்கும் ஜிக்சா புதிர், பெரியவர்களும் விரும்பும் பொழுதுபோக்காக உள்ளது. மறதியைத் தடுக்கும் என்ற எண்ணத்தில் வயதான பெற்றோருக்கு இதை வாங்கித் தருவோரும் உண்டு. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரியானது, புதியவர்கள் எப்படித் தொடங்கலாம் என்பதைக் காணலாம்.

தொடக்கம் எப்படி?

1760-களில் லண்டனைச் சேர்ந்த வரைபடத் தயாரிப்பாளர் ஜான் ஸ்பில்ஸ்பரி, மரப்பலகையில் வரைபடத்தை ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடுகளின் வழியே அறுத்து, புவியியல் கற்பிக்கும் சாதனமாக விற்றார். மாநிலங்களைப் பொருத்திச் சிறுவர்கள் விளையாடும் இந்திய வரைபடப் புதிரும் அந்த வழிவந்ததே. மரத்தை வளைவாக அறுக்கும் ரம்பத்தின் பெயரே பின்னாளில் புதிருக்கும் பெயரானது. இப்போது பெரும்பாலான புதிர்கள் அட்டையில் அச்சிடப்பட்டு, இயந்திரத்தில் வெட்டப்படுகின்றன.

ஆய்வு கூறுவது என்ன?

ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 50 வதும் அதற்கு மேலும் வயதுடைய, நினைவாற்றல் குறைபாடு இல்லாத 100 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் 30 நாள்கள், நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் புதிர்களைப் பொருத்தினர். மூளை நலன் குறித்த ஆலோசனை இரு பிரிவினருக்கும் வழங்கப்பட்டது.

புதிரைப் பொருத்தும்போது உருவங்களை மனத்துக்குள் திருப்பிப் பார்த்தல், இடவமைப்பை உணர்தல், நினைவில் வைத்தல் எனப் பல திறன்கள் ஒருசேரச் செயல்படுவதை ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆனால், 30 நாள் பயிற்சியால் மற்ற பிரிவினரைவிடக் குறிப்பிடத்தக்க மேம்பாடு ஏற்படவில்லை. பல ஆண்டுகளாகப் புதிர்களில் ஈடுபட்டவர்களிடம் இத்திறன்கள் கூடுதலாகக் காணப்பட்டன. எனினும், புதிரால் திறன் வளர்ந்ததா, திறன் உள்ளவர்கள் புதிரை நாடினார்களா என்பதை இதைக் கொண்டு முடிவு செய்ய இயலாது.

எனவே, ஜிக்சா புதிரைக் கவனத்தை ஒருமுகப்படுத்தும் பொழுதுபோக்காகக் கருதலாம். மருந்தாகக் கருத இயலாது. அன்றாட வேலைகளைப் பாதிக்கும் அளவுக்கு மறதி இருந்தால் மருத்துவரை அணுகுவதே சரியான வழி.

பொருத்துவது எப்படி?

முதலில் எல்லாத் துண்டுகளையும் படம் மேலே தெரியும்படி பரப்ப வேண்டும். பிறகு, நேரான விளிம்பு கொண்ட ஓரத் துண்டுகளைப் பிரித்துச் சட்டத்தை அமைக்க வேண்டும். நீளவாட்டில் 40, அகலவாட்டில் 25 என வெட்டப்பட்ட 1,000 துண்டுப் புதிரில் ஓரத் துண்டுகள் 126 மட்டுமே. தேட வேண்டியவை குறைவதால் தொடக்கம் எளிதாகிறது.

அடுத்து, மீதமுள்ளவற்றை நிறம், கோடு, எழுத்து ஆகியவற்றின் அடிப்படையில் பிரிக்கலாம். கட்டடம், முகம் போன்ற தெளிவான பகுதிகளை முதலில் முடிப்பது நல்லது. வானம், கடல் போன்ற ஒரே நிறப் பகுதிகளில் துண்டின் வடிவமே வழிகாட்டும் என்பதால் அவற்றை இறுதியில் வைத்துக்கொள்ளலாம்.

தேர்வு செய்யும்போது...

புதியவர்கள் 100 முதல் 300 துண்டுகள் வரை கொண்ட புதிரில் தொடங்கலாம். பார்வை குறைந்த முதியோருக்குப் பெரிய துண்டுகளும் நல்ல வெளிச்சமும் அவசியம். 1,000 துண்டுப் புதிர் முடிவடையும்போது ஏறத்தாழ 70 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் இருக்கும். தனிப் பலகை ஒன்றின் மீது பொருத்தினால், பாதியில் நிறுத்தினாலும் கலையாமல் எடுத்து வைக்கலாம்.

குழந்தைகளுக்கு வாங்குவோர் ஐஎஸ்ஐ முத்திரையைச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இம்முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிறிய துண்டுகள் தொண்டையில் சிக்கும் அபாயம் இருப்பதால், அவற்றை 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.