ஈயத்தைப் பார்த்து இளிக்காத பித்தளை!

'ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை' என்பார்கள் நம் பாட்டிகள். அமெரிக்காவில் சில வீட்டு கராஜ்களில் இந்த இரண்டும் சமாதானமாகி ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்துகின்றன. பித்தளைக் கூடு, அதன் வாயில் ஈயக் குண்டு. சேர்ந்தால் தோட்டா!

சுட்ட பிறகு தெறித்து விழும் காலிக் கூட்டைப் பொறுக்கி வருகிறார்கள். புது கேப் (நம் தீபாவளிப் பொட்டு வெடிக்குப் பெரியப்பா) பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, மேலே புதுக் குண்டை வைத்து அழுத்தினால் தோட்டா மறுபடி தயார். இதற்கு 'ரீலோடிங்' என்று பெயர். ஓட்டல் சாப்பாட்டுக்கும் வீட்டுச் சமையலுக்கும் உள்ள வித்தியாசம்தான். செலவு குறையும், உப்பு காரம் நம் இஷ்டம்.

உடனே சட்டையை மடித்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், ஸார்! நம் நாட்டில் 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அப்புறம் மாமியார் வீட்டுக் களிதான்!

அவர்கள் எதற்காக இத்தனை மெனக்கெடுகிறார்கள்? 'புல்ஸ் ஐ' என்ற போட்டிக்காக. ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெர்ரியில் 1907-லேயே தேசியப் போட்டிகள் தொடங்கிவிட்டன. ஒற்றைக் கையால் கைத்துப்பாக்கியை நீட்டி 50 கஜத்திலும் 25 கஜத்திலும் காகிதத்தைச் சுட வேண்டும். மொத்தம் 270 குண்டுகள், 2700 பாயின்ட். 50 கஜத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் வட்டத்தின் அகலம் எட்டரை சென்டிமீட்டர். அதாவது ஒரு சின்ன ரசவடை! கடைசிச் சுற்றில் 10 விநாடிக்குள் ஐந்து குண்டு போட்டாக வேண்டும். 1974-ல் ஹெர்ஷல் ஆண்டர்சன் என்பவர் 2680 எடுத்தார். 270 குண்டுகளில் தவறவிட்டது இருபதே பாயின்ட்!

இந்தக் கணக்கில் ஒரு பாயின்ட் என்பது பொங்கல் போனஸ் மாதிரி. சும்மா விட்டுவிட முடியாது. குண்டைத் தேர்ந்தெடுக்கும் விவகாரம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூக்கு

பேப்பரை பென்சிலால் குத்திப் பாருங்கள். ஓட்டை கிழிசலாக இருக்கும். ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் குத்துங்கள். வட்டம் அச்சாக விழும். உருண்டை மூக்குக் குண்டு பென்சில் ஜாதி. 'செமி வாட்கட்டர்' என்ற தட்டை மூக்குக் குண்டு பஞ்சிங் மெஷின் ஜாதி. ஓட்டை கோட்டைத் தொட்டால் மேல் பாயின்ட் உண்டு. தொட்டதா, தொடவில்லையா என்ற தகராறுக்கு அச்சான ஓட்டையே நல்ல சாட்சி.

ஆனால் செமி ஆட்டோமாடிக் துப்பாக்கிக்கு மூக்கு விஷயத்தில் பிடிவாதம் உண்டு. சுட்டதும் தானாகவே காலிக் கூட்டைத் துப்பிவிட்டு, மேகஸினிலிருந்து (நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அல்ல!) அடுத்ததை இழுத்துக்கொள்ளும் யந்திரம் அது. 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட பிரபலமான .45 பிஸ்டல், உருண்டை மூக்கை விழுங்கிப் பழகியது. தட்டை மூக்கு சில துப்பாக்கிகளுக்குத் தொண்டையில் சிக்கும். பத்து விநாடியில் ஐந்து சுட வேண்டியவருக்கு இதைவிடச் சாபம் உண்டா?

எடை

ராணுவ .45 குண்டு 230 கிரெய்ன், சுமார் 15 கிராம். காகிதத்தைக் கொல்ல இத்தனை எதற்கு? போட்டிக்காரர்கள் 200 அல்லது 185 கிரெய்னுக்கு இறங்கி, மருந்தையும் மிதமாகப் போடுகிறார்கள். உதைப்பு குறையும், கை சீக்கிரம் பழைய இடத்துக்கு வரும். ரொம்பக் கஞ்சத்தனம் செய்தால் ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாது. காலிக் கூடு புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். அதற்காக ஸ்பிரிங்கையே மெலிதாக மாற்றுகிறவர்களும் உண்டு.

அடி

மாப்பிள்ளைக்கு மூக்கும் முழியும் பார்க்கலாம். குண்டுக்கு ஜாதகம் எழுதியிருப்பது அதன் அடியில்! குழலை விட்டுக் கடைசியாக வெளியேறுவது அடிப்பாகம். அதன் விளிம்பில் சின்ன நசுங்கல் இருந்தால் வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்த்துவிடும்.

முழுத் தாமிரச் சட்டை போட்ட சாதாரணக் குண்டுக்குச் சட்டை தலைவழியாக மாட்டியது. அடியில் ஈயம் எட்டிப் பார்க்கும். மூக்கில் குழி உள்ள 'ஹாலோ பாயின்ட்'டுக்கு அடி மூடி, சீராக இருக்கும். அந்தக் குழி உடம்புக்குள் விரிவதற்காக ஏற்பட்டது. காகிதம் சுடுபவருக்கு அது தேவையில்லை. அவர் காசு கொடுப்பது அடிக்குத்தான். அதனால் பலர் 25 கஜத்துக்கு மலிவான ஈயக் குண்டு, 50 கஜத்துக்கு ஹாலோ பாயின்ட் என்று இரண்டு டப்பா வைத்துக்கொள்கிறார்கள்.

ஈயக் குண்டுக்கு அளவும் முக்கியம். .45-ல் சட்டை போட்டது .451 அங்குலம் என்றால் வெறும் ஈயம் .452. அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் வாயு கசியாமல் அடைக்கிறது. கசிந்தால் ஈயம் உருகிக் குழலின் மரையில் அப்பிக்கொள்ளும். பாத்திரத்துக்கு ஈயம் பூசலாம். குழலுக்குப் பூசினால் குறி போச்சு!

ஈயம் விஷம் என்பதையும் மறக்கக்கூடாது. சோறு சாப்பிடுமுன் கை கழுவாதவர், குழந்தைகள் நடமாடும் இடத்தில் கடை விரிப்பவர், டி.வி. பார்த்துக்கொண்டே ஒரே கூட்டில் இருமுறை மருந்து போடுபவர்... இவர்கள் பணயம் வைப்பது பாயின்ட்டை அல்ல. இரட்டை மருந்தில் துப்பாக்கியே வெடிக்கலாம். குண்டை அளவுக்கு மேல் உள்ளே அழுத்தினாலும் அழுத்தம் எகிறும். குண்டை மாற்றினால் அதற்கான கையேட்டையும் புதிதாகப் புரட்ட வேண்டும் என்பது அந்த ஊர் பாலபாடம்.

சரி, எது நல்ல குண்டு? துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி வைத்து, 50 கஜத்தில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தால் துப்பாக்கியே சொல்லிவிடும். ரசவடைக்குள் பத்தும் அடங்கினால் குண்டு பாஸ்.

அதில் ஒரு சங்கடமும் உண்டு. அதற்கப்புறம் போட்டியில் ஆறும் ஏழுமாக விழுந்தால் குண்டைத் திட்ட முடியாது. குற்றவாளி யார் என்று கண்ணாடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்!