மில் தொழிலாளிகள் வளர்த்த பொடிநாய்! - யார்க்‌ஷயர் டெரியர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் காலை வாக்கிங் போகிறவர்களுக்குத் துணையாக விதவிதமான நாய்களும் வரும். அதில் உச்சந்தலையில் குடுமி போட்டு, ரிப்பன் கட்டிய பொடிநாய் ஒன்று வந்துவிட்டால் போதும். “அட, பொம்மையாட்டம் இருக்குதுங்க!” என்று நின்று பார்ப்பவர்கள் உண்டு. அதுதான் யார்க்‌ஷயர் டெரியர். செல்லமாக, ‘யார்க்கி’.

பொம்மை மாதிரி இருக்கும் இந்த நாய்க்கும், ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ எனப் பெயரெடுத்த கோவைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இரண்டையும் வளர்த்தது பஞ்சாலைகள்தான்!

எலி பிடிக்க வந்த நாய்

ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் 1888-ல் பஞ்சாலை தொடங்கினார். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு, ஸ்காட்லாந்து நெசவாளர்கள் பலர் பிழைப்பு தேடி இங்கிலாந்தின் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதி மில்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். கூடவே தங்கள் ஊர் டெரியர் நாய்களையும் கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒரு வகை, பெய்ஸ்லி என்ற நெசவு ஊரின் பெயரைக் கொண்டது. நம் சேலைகளில் வரும் மாங்காய் டிசைனுக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்ததும் அதே ஊர்தான்.

மில்லிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் எலித்தொல்லை. பொந்துக்குள் நுழையும் அளவு சின்ன உடம்பு, எலியை விடாமல் பிடிக்கும் துணிச்சல் இரண்டும் வேண்டும். அதற்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததில் உருவான இனம் இது. 1865-ல் பிறந்த ‘ஹடர்ஸ்ஃபீல்டு பென்’ என்ற நாயைத்தான் இந்த இனத்தின் தகப்பன் என்கிறார்கள். எலி பிடிக்கும் போட்டிகளில் பேர் வாங்கிய நாய் அது.

உடம்பு எப்படி இருக்கும்?

வளர்ந்த நாயின் எடை அதிகபட்சம் 3.2 கிலோ. உயரம் சுமார் 20 செ.மீ. முதுகு நேராக, உடம்பு கச்சிதமாக இருக்கும். சிறிய தலை, தட்டையான உச்சி, விறைத்து நிற்கும் ‘வி’ வடிவக் காதுகள், கறுப்பு மூக்கு, துறுதுறு கண்கள்.

ரோமம்தான் இதன் அடையாளம். பட்டுப்போல நேராக, பளபளவென்று தொங்கும். பின்தலையிலிருந்து வால் வரை இரும்பு நிறம் கலந்த கருநீலம். முகம், நெஞ்சு, கால்களில் பொன்பழுப்பு. ஆனால், குட்டி பிறக்கும்போது கறுப்பும் பழுப்புமாகத்தான் இருக்கும். நிறம் மாறி நிலைக்க இரண்டு, மூன்று வருடங்கள்கூட ஆகலாம். குட்டியின் நிறத்தைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை.

மற்ற பல நாய்களுக்கு உள்ளது போல அடிரோமம் இதற்குக் கிடையாது. ஊட்டிக்கு அழைத்துப் போனால் குளிர் தாங்காது, ஸ்வெட்டர் போட்டுவிடுங்கள்.

‘டீ கப்’ ஆசை வேண்டாம்

“இது டீ கப் யார்க்கி, ஒரு கிலோவுக்கு மேல வளராது” என்று கூடுதல் விலை சொல்பவர்கள் உண்டு. அப்படி ஒரு தனி இனமே கிடையாது; கென்னல் கிளப்கள் அதை அங்கீகரிப்பதும் இல்லை. எடை குறையக் குறைய ஆபத்துதான் கூடும். மிகச் சின்ன குட்டி ஒருவேளை சாப்பிடாவிட்டாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடலாம். சோபாவிலிருந்து குதித்தாலே கால் எலும்பு முறியலாம்.

சரியான எடையுள்ள யார்க்கிக்கும் சில பலவீனங்கள் உண்டு. மூச்சுக்குழாய் மென்மையானது என்பதால் கழுத்துப்பட்டையில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. நெஞ்சைச் சுற்றி மாட்டும் பெல்ட்தான் நல்லது. முழங்கால் சில்லு விலகுவது, பால் பற்கள் விழாமல் தங்கிவிடுவது இரண்டும் சகஜம். நொண்டினாலோ, பல்வரிசை இரட்டையாகத் தெரிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்க, 2017-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அனுமதிப்பதில்லை. வாங்கும் முன் தாய் நாயை நேரில் பாருங்கள். குட்டி எவ்வளவு சின்னது என்பதைவிட, ஓடுகிறதா, சாப்பிடுகிறதா, சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். எலியோடு மல்லுக்கட்டிய பரம்பரை அது. மடியிலேயே சுருண்டு கிடக்கும் குட்டியைவிட, உங்கள் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் குட்டியே நல்ல குட்டி!