உப்பளக் கரையில் ஓர் ஒலி-ஒளிப் பாடம்

புதுவையை விட்டு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்படுவோருக்கு முதலில் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று கோட்டக்குப்பம். அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால், வெயிலில் வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறிக்கும் மரக்காணத்து உப்பளங்கள். இந்தக் கரையில்தான், மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தமிழக முதலமைச்சர் தொடங்கிவைத்தார்.

அத்திட்டம் ஏன் தேவைப்பட்டது? பாடநூல்களில் கைப்பேசியால் படித்தறியும் விரைவுக் குறியீடுகள் 2018 முதலே அச்சிடப்பட்டிருந்தன. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்றே தொடங்கப்பட்டிருந்தது. 2020 மார்ச்சில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவையெல்லாம் கைவசம் இருந்தன. எனினும் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளிடம் மாலை வேளைகளில் தன்னார்வலர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. படம் வீட்டுக்கு வந்துவிட்டது. பாடம் வந்து சேரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று நம் ஆசிரியர்களிலும் இளைஞர்களிலும் பலர் இணையவழிக் கற்பித்தல் முறையையே ஒரு பாடமாகப் பயில்கின்றனர். பயிற்சியின் முடிவில், எழுத்து, குரல், படம், அசையும் காட்சி ஆகிய அனைத்தும் இணைந்த ஒரு பல்லூடகப் பாடத்தைத் தாமே உருவாக்கித் தரவேண்டும் என்பது வழக்கமான விதி. கோட்டக்குப்பத்தில் அவ்வாறு பயிலும் ஓர் ஆசிரியையை மனக்கண்முன் நிறுத்துவோம். பகலில் பள்ளி, மாலையில் அடுக்களை, இரவில் படிப்பு. 'உப்பு எவ்வாறு விளைகிறது?' என்பதே அவர் தேர்ந்த பொருள். அவரது பாதையில் என்னென்ன இடர்கள் காத்திருக்கின்றன?

கடல் காத்திராது

முதல் இடர் காலம். கடல்நீரின் அடர்த்தியைப் போமே என்னும் அளவையால் குறிப்பர். சாதாரணக் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை. அது பாத்திகளில் படிப்படியாகக் காய்ந்து 25 பாகையை எட்டும்போது உப்பு படிகமாகப் படியத் தொடங்குகிறது. 30 பாகையை நெருங்குமுன், கசப்பு மிகுந்த எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இவ்வளவும் நடைபெற வெயில் வேண்டும். வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். திட்டப்பணியை ஒப்படைக்கும் நாள் டிசம்பரில் இருந்தால், படப்பதிவுக் கருவியோடு சென்றவர் மழைநீரைத்தான் படம்பிடித்து வரலாம்! ஆகவே பொருளைத் தேர்வதற்கு முன்பே அதன் பருவத்தை அறிந்துகொள்வது முதல் கடமை.

வெயிற்காலத்தில் சென்றாலும் வேலை எளிதன்று. நண்பகலில் உப்பின் வெண்மையே ஒளியைத் திருப்பி வீசுவதால், தொழிலாளியின் முகம் படத்தில் கறுத்துவிடும். கடற்காற்று ஒலிவாங்கியில் மோதி, பேச்சை விழுங்கிவிடும். காலை அல்லது மாலை வெயிலில் படம் எடுப்பதும், ஒலிவாங்கியைக் காற்று தாக்காதவாறு பஞ்சுறையால் மூடுவதும், குரலைத் தனியே வீட்டிலிருந்து பதிவுசெய்து இணைப்பதும் செலவில்லாத பரிகாரங்கள்.

விட்டுவிடுவதே பெருங்கலை

பயில்வோர் பெரும்பாலும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. கற்ற வித்தை அனைத்தையும் ஒரே பாடத்தில் காட்டிவிடத் துடிப்பர். எழுத்துக்கள் சுழன்று வரும்; பின்னணியில் இசை முழங்கும்; பேசுவதெல்லாம் திரையில் எழுத்தாகவும் ஓடும். அமெரிக்காவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் ரிச்சர்டு மேயர் பல்லூடகக் கற்றலைப் பல ஆண்டுகள் சோதித்து, 2001-இல் நூலாகவும் வெளியிட்டார். பாடத்திற்குத் தொடர்பற்ற அலங்காரம் கற்றலைக் குறைக்கிறது என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. படத்தை விளக்கும் குரலையே திரையில் எழுத்தாகவும் மீண்டும் ஓட்டினால் பார்ப்பவரின் கவனம் பிளவுபடுகிறது என்பது மற்றொன்று. செவிப்புலன் குன்றிய பிள்ளைக்கோ அந்த எழுத்து இன்றியமையாதது; ஆதலால் வேண்டியவர் மட்டும் காணும் வண்ணம் அதனை அமைத்தல் நலம்.

நீளமும் அளவோடிருக்க வேண்டும். பிலிப் குவோவும் அவருடைய துணைவர்களும் 69 இலட்சம் முறை பார்க்கப்பட்ட இணையப் பாடக் காட்சிகளை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். காட்சி எவ்வளவு நீண்டிருந்தாலும், மாணவர் பார்த்த நேரத்தின் நடுமதிப்பு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டனர். ஆகவே நம் ஆசிரியை 20 நிமிடக் காட்சி ஒன்றைச் செய்வதைவிட, கடல்நீர், பாத்தி, படிகம் என்று நான்கு நான்கு நிமிடங்களாக மூன்றைச் செய்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வியை வைப்பது மேல்.

எழுத்தும் உரிமையும்

தமிழுக்கே உரிய தொல்லையும் உண்டு. பழைய எழுத்துருக்களில் அடித்த பாடக்குறிப்பை இன்றைய ஒருங்குறிக்கு மாற்றாமல் பயன்படுத்தினால், வேறொரு கணினியில் அது பொருளற்ற குறிகளாகத் தோன்றும். சில படத்தொகுப்பு மென்பொருள்களிலோ ஒருங்குறி எழுத்தும் உடைந்துபோகிறது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் நிற்கிறது. தலைப்புகளைத் தனியே படமாக அமைத்து, பிழை பார்த்து, பின்னர் ஒட்டுவதே தப்பும் வழி.

அடுத்தது நேர்மை. இனிய திரையிசை ஒன்றைப் பின்னணியில் சேர்க்க எவருக்கும் ஆசை எழும். பிறர் உழைப்பை இசைவின்றி எடுத்துப் பொதுவில் வெளியிடுதல் முறையன்று. உப்பு வாரும் பெண்ணின் முகத்தைப் பதிவுசெய்யும்போதும் அவ்வாறே. கால் வெடிக்க உழைப்பவரிடம், இப்படம் எங்கே, யார் பார்க்கப் போகின்றனர் என்று சொல்லி ஒப்புதல் பெறுதல் வேண்டும். முடிந்ததும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுவது இன்னும் சிறப்பு.

யாருக்காக இந்தப் பாடம்?

உயர்தெளிவில் கைப்பேசியால் எடுக்கும் காட்சி, நிமிடத்திற்கு 100 மெகாபைட்டையும் தாண்டக்கூடும். பேச்சை மட்டும் பதிவுசெய்தாலோ நிமிடத்திற்கு அரை மெகாபைட்டில் அடக்கிவிடலாம். மதிப்பெண் இடும் பேராசிரியர் அகன்ற திரையில் அதைப் பார்ப்பார். உப்பளத் தொழிலாளியின் மகளோ, தந்தை வேலை முடித்து வரும்வரை காத்திருந்து, விரிசல் விழுந்த கைப்பேசியில், அன்றைய இணைய அளவு தீர்வதற்குள் பார்க்க வேண்டும். ஆகவே, ஒரு பாடத்தை ஒப்படைக்குமுன் வீட்டிலுள்ள மிக எளிய கைப்பேசியில் ஒருமுறை அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே எழுத்துத் தெரிகிறதா? குரல் கேட்கிறதா? இச்சோதனையில் தேறாத பாடம் வேறெதில் தேறியும் பயனில்லை. சில வேளைகளில் கையால் வரைந்த நான்கு படங்களும் தெளிவான குரலும், விலையுயர்ந்த காட்சியைவிட அதிகம் கற்பித்துவிடும். மழையில் மூழ்கிய உப்பளத்தைக் கண்டு திகைத்த ஆசிரியைக்கும் இதில் வழி இருக்கிறது!

வீட்டாரும் பங்காளிகளே

இப்படிப்பு வகுப்பறையில் நடைபெறுவதில்லை. நம் கூடத்திலும் அடுக்களையிலும் நடைபெறுகிறது. கைப்பேசி நிறைய உறவினர் திருமணப் படங்கள், பதிவுக்கு இடமில்லை. ஒரே கருவியைத் தாயும் பிள்ளையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். குரல் பதியும் நேரத்தில் குக்கர் கூவும், தொலைக்காட்சி அலறும். வீட்டுப் பெண் படிக்கிறாள் என்றால் அது பொழுதுபோக்கென்றே கருதும் மனப்பான்மை இன்னும் நம்மிடையே மறையவில்லை. மூன்று நிமிடப் பாடத்திற்குப் பின்னே மூன்று இரவுகளின் உழைப்பு இருக்கிறது என்பதை வீட்டார் உணர்ந்தால் பாதிப் பாரம் குறையும். கணவர் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். பாட்டி தாம் அறிந்த உப்பளக் கதையைச் சொல்லித் தரலாம். பிள்ளைகளே முதல் மாணவராய் அமர்ந்து, புரிந்தது எது, புரியாதது எது என்று கூறலாம்.

முதலியார்குப்பத்தில் தன்னார்வலரை எதிர்நோக்கி அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது, தம்மை அறிந்த ஒருவர் தமக்காகச் சொல்லும் பாடம். அத்தகைய பாடத்தைக் கருவியின் வழியாகவும் தர முடியும். செய்பவரின் மனத்தில் அந்தப் பிள்ளையின் முகம் இருக்குமானால்! இன்றிரவு உங்கள் வீட்டில் ஒருவர், "கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருங்கள், பதிவுசெய்யப் போகிறேன்" என்று சொன்னால், முகம் சுளிக்காமல் எழுந்துபோய்த் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். எங்கோ ஒரு குழந்தை கற்பதற்கு நீங்கள் அளிக்கும் பங்கு அது.